மனு கொடுத்தாச்சு, இனி என்ன?

வாசகர் கேள்வி – பதில்

நாம் தேர்ந்தெடுத்தவர்களிடம் வேலை வாங்குவது எப்படி என்று கேட்டு இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் மனுப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கவுன்சிலர், எம்.எல்.ஏ., எம்.பி. கையெழுத்தோடு வந்த கடிதங்களில் எவை நகர்ந்தன, எவை கட்டோடு கட்டாகக் கிடந்தன என்று பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

எங்கள் குடியிருப்பிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை போகும் சாலை மழைக்காலத்தில் கால் வைக்க முடியாமல் கிடக்கிறது. எம்.எல்.ஏ.விடம் பலமுறை மனு கொடுத்துவிட்டோம். மரியாதையாக வாங்கிக்கொள்கிறார், ‘செய்துவிடலாம்’ என்கிறார். அதோடு சரி. வேறு என்னதான் வழி?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தேனி மாவட்டம்

ஐயா, அந்தச் சாலை யாருடைய கணக்கில் இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, இதர மாவட்டச் சாலை ஆகியவை நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. ஊராட்சி ஒன்றியச் சாலையும் ஊராட்சிச் சாலையும் ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் வருகின்றன. பேரூராட்சி, நகராட்சி எல்லைக்குள் இருந்தால் அந்தந்த அமைப்பே பார்க்க வேண்டும். பார்வைக்கு எல்லாம் ஒரே தார்தான். ஆனால் பணம் வரும் வழி வேறு, கோப்பு போகும் மேசை வேறு.

இது தெரியாமல் கொடுத்த மனு என்ன ஆகும் என்று சொல்கிறேன். எம்.எல்.ஏ.வின் உதவியாளர் அதன் மேல் ஒரு கடிதம் வைத்து, ‘தகுந்த நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது’ என்று ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்புவார். அங்கே ஒரு எண் போட்டு வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் போகும். அவர் ‘இச்சாலை நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தமானது’ என்று எழுதித் திருப்புவார். அங்கிருந்து நெடுஞ்சாலைக் கோட்டத்துக்குப் போனால், ‘எங்கள் பதிவேட்டில் இந்தச் சாலை இல்லை’ என்று பதில் வரும். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் வேலையும் செய்யவில்லை. கடைசியில் ‘மனு முடிக்கப்பட்டது’ என்று பதிவாகிவிடும். என் மேசைக்கு வந்த சாலை மனுக்களில் இப்படிச் சுற்றிச் சுற்றியே உயிர் விட்டவை ஏராளம். அவற்றை எழுதியவர்களை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

ஒன்றிய அலுவலகத்தில் பொறியாளரைப் பார்த்தால் சாலை எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவரிடமே இன்னொன்றையும் கேளுங்கள்: பாதையின் குறுக்கே எங்காவது பட்டா நிலம் வருகிறதா? பல சாலைகள் நின்றுபோவதற்கு அதுதான் காரணம். தனியார் பட்டாவில் அரசுப் பணத்தில் சாலை போட முடியாது. அப்படி இருந்தால் நிலத்துக்காரரிடம் பேசித் தானமாக எழுதி வாங்க முடியுமா என்று ஊரே முதலில் உட்கார்ந்து பேச வேண்டும். புல எண்ணும் (சர்வே எண்) புலப்பட நகலும் கையில் இருந்தால் பேச்சு தெளிவாக இருக்கும்.

இவ்வளவும் ஆன பிறகு எம்.எல்.ஏ.விடம் போங்கள். இந்த முறை ‘சாலை வசதி செய்து தர வேண்டும்’ என்று எழுதாதீர்கள். அவர் கையெழுத்தால் நடக்கக்கூடிய ஒரு காரியத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு எம்.எல்.ஏ.வுக்கும் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். பணம் அவர் கைக்கு வருவதில்லை. அவர் பணியைப் பரிந்துரைப்பார், ஆட்சியர் நிர்வாக அனுமதி தருவார். ஆகவே உங்கள் மனு இப்படி இருக்கட்டும்: இந்தப் புல எண்ணிலிருந்து இந்தப் புல எண் வரை, இத்தனை மீட்டர், ஊராட்சி ஒன்றியச் சாலை, பட்டா நிலம் குறுக்கிடவில்லை, இத்தனை வீடுகள், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இத்தனை பேர், தங்கள் தொகுதி மேம்பாட்டு நிதியில் இதைப் பரிந்துரைத்து ஆட்சியருக்குக் கடிதம் அனுப்பி, நகலை எங்களுக்குத் தர வேண்டுகிறோம். இதற்கு ‘செய்துவிடலாம்’ என்று பொதுவாகப் பதில் சொல்ல முடியாது. கடிதம் போயிற்றா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

நிதியாண்டு தொடங்கும் ஏப்ரலை ஒட்டிக் கொடுப்பது நல்லது. தை மாதத்தில் போனால் அந்த ஆண்டுப் பணம் பெரும்பாலும் வேறு வேலைகளுக்குப் பேசி முடிந்திருக்கும்.

சாலை நீளமானது, அந்த நிதி போதாது என்றால் கேட்க வேண்டியதும் மாறும். சட்டமன்றத்தில் அந்தத் துறையின் மானியக் கோரிக்கை (அதாவது துறைக்கான நிதி ஒதுக்கீடு) விவாதத்தில் பேசச் சொல்லுங்கள், அல்லது கேள்வி போடச் சொல்லுங்கள். அவையில் அமைச்சர் ‘ஆவன செய்யப்படும்’ என்று ஒரு வாக்குறுதி கொடுத்துவிட்டால், அது நிறைவேறியதா என்று பின்தொடர்வதற்கென்றே சட்டமன்றத்தில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. 2022-இல் முதலமைச்சர் 234 எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் நெடுங்காலம் தீராத பத்து முக்கியக் கோரிக்கைகளைப் பட்டியலிட்டு அனுப்பச் சொன்னார். அப்போது எந்த ஊர்க்காரர்களின் காகிதம் முழு விவரத்தோடு எம்.எல்.ஏ. அலுவலகத்தில் தயாராக இருந்ததோ, அந்த ஊர்களுக்குப் பட்டியலில் இடம் பிடிப்பது எளிதாக இருந்திருக்கும். இப்படி வாய்ப்புகள் சொல்லாமல் கொள்ளாமல் வரும். காகிதம் முன்னாலேயே தயாராக இருக்க வேண்டும்.

ஒற்றை ஆள் எழுதினால் யார் மதிக்கிறார்கள்? மெரினாவில் கூடிய மாதிரி கூடினால்தானே இறங்கி வருவார்கள்?
— கல்லூரி மாணவர், கரூர்

தம்பி, அந்தக் கூட்டத்தின் வலிமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. அதன் பிறகு எத்தனையோ கடிதங்கள், கோரிக்கைகள். 2017 ஜனவரி 17-இல் இளைஞர்கள் மெரினாவில் உட்கார்ந்தார்கள்; 21-ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது, 23-ஆம் தேதி சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. அந்தச் சட்டம் செல்லும் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஆனால் அந்தக் கோரிக்கையின் தன்மையைக் கவனி. மாநிலம் முழுவதும் ஒரே உணர்ச்சி, சட்டமன்றத்தில் எதிர்த்து நிற்க ஒரு கட்சியும் இல்லை, கேட்டதும் ஒரே ஒரு சட்டம். உன் தெருவின் கழிவுநீர்க் கால்வாய்க்கு அப்படி ஊர் கூடாது. கூட வேண்டிய அவசியமும் இல்லை.

ஒற்றைக் கடிதத்துக்கும் பெருங்கூட்டத்துக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. ஒரே விஷயத்தை வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு திசையிலிருந்து சொல்வது அது. ஒரே மாதிரி அச்சடித்த தாளில் ஐந்நூறு பேர் கையெழுத்துப் போட்டு வந்தால் எங்கள் அலுவலகத்தில் அதற்கு ஒரே எண்தான் விழும், ஒரே பதில்தான் போகும். அதுவே சுயஉதவிக் குழுவிலிருந்து ஒரு கடிதம், வணிகர் சங்கத்திலிருந்து ஒன்று, பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து ஒன்று, கைப்பட எழுதிய தனிக் கடிதங்கள் சில என்று வந்தால், ‘இந்த விஷயம் அந்தப் பகுதியில் பெரிதாகப் பேசப்படுகிறது’ என்று மேலே குறிப்பு போகும். எம்.எல்.ஏ. அலுவலகத்திலும் அதே கணக்குத்தான். கோயில் விழாவில் ஒருவர், கல்யாண வீட்டில் ஒருவர், ரேஷன் கடை திறப்பில் ஒருவர் என்று அதையே கேட்டால், அவர் காரில் ஏறியதும் உதவியாளரிடம் ‘அந்தக் கால்வாய் விஷயம் என்னாச்சு?’ என்று தானே கேட்பார்.

கூடப் போகிறவர்களில் அவருடைய கட்சியின் கிளைச் செயலாளரோ வட்டச் செயலாளரோ ஒருவர் இருந்தால் நல்லது என்பதையும் சொல்லி வைக்கிறேன். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஒரு எம்.எல்.ஏ. அன்றாடம் யார் பேச்சைக் கேட்கிறார் என்று பார்த்தால், அந்த ஊரில் அவருக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர்களின் பேச்சைத்தான்.

எங்கள் எம்.பி.க்கு நான் ஓட்டுப் போடவில்லை. அவர் கட்சியை எனக்குப் பிடிக்காது. அவரிடம் போய் நிற்பது சரியா?
— வாசகி, நாமக்கல்

நூற்றுக்கு நூறு சரி. அவர் தொகுதிக்கு எம்.பி., கட்சிக்காரர்களுக்கு மட்டும் எம்.பி. அல்ல. நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது அவருக்குத் தெரியவும் வழியில்லை. ரகசிய வாக்குரிமை அதற்காகத்தான். அவர் கட்சியைப் பற்றிய உங்கள் கருத்தைக் கடிதத்தில் சேர்க்காதீர்கள், அவ்வளவுதான். விஷயத்தை மட்டும் எழுதுங்கள்.

நாடாளுமன்றத்தில் வரும் ஒரு மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போடும்படி எங்கள் எம்.பி.க்கு எழுதலாம் என்று இருக்கிறோம். பலன் இருக்குமா?
— வழக்கறிஞர்கள் குழு, திருநெல்வேலி

ஓட்டு விஷயத்தில் பலன் குறைவு என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 1985-இல் வந்த 52-ஆவது திருத்தம் அரசமைப்பில் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. கட்சிக் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம். கட்சி தாவலைத் தடுக்க வந்த சட்டம்தான், அதற்கு அப்போது தேவையும் இருந்தது. ஆனால் ஒரு எம்.பி. தன் தொகுதி மக்களின் பேச்சைக் கேட்டு, கட்சிக்கு மாறாக வாக்களிக்கும் வாய்ப்பையும் அது அடைத்துவிட்டது. இது நம் ஜனநாயகத்தில் பெரிய குறை என்பது என் உறுதியான எண்ணம்.

அதனால் ஓட்டெடுப்புக்கு முந்தைய கட்டங்களைப் பிடியுங்கள். நாடாளுமன்றத்தில் துறை வாரியாக 24 நிலைக்குழுக்கள் இருக்கின்றன. மசோதா அங்கே போனால் பெரும்பாலும் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு விளம்பரம் வரும். குழுவுக்குள் கொறடா உத்தரவு கிடையாது. வெவ்வேறு கட்சிக்காரர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பிரிவாகப் பேசுகிற இடம் அது. ‘மசோதாவை எதிர்க்கிறோம்’ என்று எழுதுவதைவிட, ‘இந்தப் பிரிவில் இந்தச் சொற்றொடரை இப்படி மாற்ற வேண்டும், காரணம் இது’ என்று எழுதுங்கள். வழக்கறிஞர்களான உங்களால் அதை நன்றாகச் செய்ய முடியும். குழுவில் நம் மாநிலத்து உறுப்பினர் யாராவது இருந்தால் அவருக்கும் ஒரு படி அனுப்புங்கள்.

அடுத்தது கேள்வி. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 நட்சத்திரமில்லாக் கேள்விகள். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்வார். மற்றவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். பலர் நட்சத்திரக் கேள்வியைத்தான் பெரிதாக நினைக்கிறார்கள். எனக்கு எழுத்துப் பதில்தான் பிடிக்கும். அது அமைச்சகத்தின் கையெழுத்திட்ட ஆவணம், நாடாளுமன்ற இணையதளத்தில் நிரந்தரமாக இருக்கும், நாளைக்கு நீதிமன்றத்தில்கூட எடுத்துக் காட்டலாம். எம்.பி.யிடம் கேள்வியை நீங்களே எழுதிக் கொடுங்கள். கேள்விக்குக் குறைந்தது 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு ஓடாமல் அதற்கு முன்பே கொடுங்கள். உங்கள் மக்களவை உறுப்பினர் அமைச்சராக இருந்தால் அவரால் கேள்வி கேட்க முடியாது. அப்போது தமிழ்நாட்டின் 18 மாநிலங்களவை உறுப்பினர்களில் ஒருவரை அணுகலாம்.

தனிநபர் மசோதா, அதாவது அமைச்சர் அல்லாத ஓர் உறுப்பினர் தானே கொண்டுவரும் மசோதா பற்றியும் உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. விடுதலைக்குப் பிறகு 14 தனிநபர் மசோதாக்கள்தான் சட்டமாகியிருக்கின்றன, கடைசியாக 1970-இல். இந்தக் கணக்கைக் கேட்டதும் சோர்ந்துவிட வேண்டாம். தி.மு.க.வின் மாநிலங்களவை உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை மாநிலங்களவை 2015 ஏப்ரல் 24-இல் நிறைவேற்றியது. அப்படி ஒரு தனிநபர் மசோதா அந்த அவையில் நிறைவேறி 45 ஆண்டுகள் ஆகியிருந்தன. அது மக்களவையைத் தாண்டவில்லை, சட்டமாகவில்லை. ஆனால் அதன் பிறகு அரசு தானே ஒரு மசோதா கொண்டுவர வேண்டியதாயிற்று. அரசு கொண்டுவந்ததில் திருநரைப் பிச்சை எடுக்கத் தூண்டுவதைக் குற்றமாக்கும் ஒரு பிரிவு இருந்தது; அது தங்கள் பிழைப்பின் மேலேயே பாயும் என்று அவர்கள் அஞ்சினார்கள். திருநர் சமூகத்தினர் தெருவில் இறங்கினார்கள், நிலைக்குழுவிடம் போய்ப் பேசினார்கள், எம்.பி.க்களைத் தேடித் தேடிப் பார்த்தார்கள். 2019-இல் சட்டம் வந்தபோது அந்தப் பிரிவு அதில் இல்லை. அவர்கள் கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லைதான். ஆனாலும் எண்ணிக்கையில் சிறிய ஒரு சமூகம், பெரிய கட்சி எதுவும் முதுகுக்குப் பின்னால் இல்லாத சமூகம், ஒரு தண்டனைப் பிரிவையே நீக்க வைத்தது. என் பணிக்காலத்தில் அவர்கள் மனு கொடுக்க வரும்போது நாற்காலி போட்டு உட்கார வைக்கக்கூடத் தயங்கிய அலுவலகங்களைப் பார்த்தவள் நான். அதனால் அந்தச் செய்தியைப் படித்த நாள் எனக்கு மறக்காது.

எம்.பி. நிதி எங்கே போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகர், கள்ளக்குறிச்சி

எம்.பி. தொகுதி மேம்பாட்டுத் திட்டம் 1993-இல் தொடங்கியது. 2011-12 முதல் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். இதிலும் எம்.பி. பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் செய்யும். ஆண்டு ஒதுக்கீட்டில் 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும் 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிகளுக்கும் போக வேண்டும் என்பது விதி. உங்கள் மாவட்டத்தில் கல்வராயன் மலை இருக்கிறது, ஆகவே இந்தக் கணக்கைக் கட்டாயம் கேளுங்கள்.

கேட்கும் வழி தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இந்தியாவில் இப்படி ஒரு சட்டத்தை முதலில் இயற்றிய மாநிலம் நம்முடையது, 1997-இல். அது பலவீனமான சட்டம் என்றாலும் முதலடி நம்முடையது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ‘எம்.பி. என்ன செய்தார்?’ என்று கேட்காதீர்கள். ‘இன்ன நிதியாண்டில் எம்.பி. பரிந்துரைத்த பணிகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் அனுமதித்த தொகை, முடிந்த தேதி, நிராகரிக்கப்பட்டிருந்தால் காரணம்’ என்று கேளுங்கள். கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் பொதுத் தகவல் அலுவலர் தர முடியும், விளக்கம் எழுதித் தர மாட்டார்.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஒன்றிய அரசின் திட்டங்களை மாவட்ட அளவில் ஆய்வு செய்ய ‘திஷா’ என்ற கண்காணிப்புக் குழு இருக்கிறது. தலைவர் மக்களவை உறுப்பினர், உறுப்பினர் செயலர் ஆட்சியர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். குடிநீர்க் குழாய், வீட்டுவசதி, நூறு நாள் வேலை எல்லாம் அங்கே பேசப்படும். நூறு நாள் வேலையின் கூலி பாக்கியை எம்.பி.யிடம் எப்போதும் போலச் சொல்வதைவிட, திஷா கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் எழுத்தில் கொடுத்தால், ஆட்சியரையும் திட்ட இயக்குநரையும் எதிரில் வைத்துக்கொண்டே அவர் கேட்க முடியும்.

கிராம சபையில் பெண்கள் எழுந்தால் ‘அப்புறம் பேசலாம்மா’ என்று உட்கார வைத்துவிடுகிறார்கள். தீர்மான நோட்டில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். நாங்கள் என்ன செய்வது அக்கா?
— சுயஉதவிக் குழு உறுப்பினர், திருவாரூர் மாவட்டம்

தங்கச்சி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. ஊராட்சியில் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுத்துச் சட்டமன்றத்துக்கு அனுப்புகிறோம். கிராம சபைக்கு யாரும் யாரையும் அனுப்ப வேண்டியதில்லை, நீங்களே அந்தச் சபை. அங்கே உங்களைப் பேசச் சொல்ல யாருடைய தயவும் வேண்டாம்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. உள்ளாட்சித் தேர்தல் நடக்காமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலத்திலும் கூட வேண்டும். 2016-க்குப் பிறகு மூன்றாண்டு அப்படித்தான் கூடியது.

இனி செய்ய வேண்டியது: கூட்டத்துக்குச் சில நாள் முன்பே உங்கள் குழு கூடி, பேச வேண்டிய விஷயத்தைத் தீர்மான வடிவத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ‘இன்ன தெருவில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் வராததால் புதிய குழாய் அமைக்க இச்சபை தீர்மானிக்கிறது’ என்பது போல. அதை ஊராட்சி செயலரிடம் முன்னதாகவே கொடுத்து, நகலில் ‘பெறப்பட்டது’ என்று கையெழுத்து வாங்குங்கள். கூட்டத்துக்குப் பத்துப் பேராகப் பிரிந்து வராமல் சேர்ந்து வந்து முன்வரிசையில் உட்காருங்கள். ஒருவர் படிக்கட்டும், அடுத்தவர் வழிமொழியட்டும்.

கையெழுத்து விஷயத்தில் மட்டும் ஒரு விடாப்பிடி வேண்டும். தீர்மானம் எழுதி, உரக்கப் படித்துக் காட்டிய பிறகுதான் நோட்டில் கையெழுத்துப் போடுவோம் என்று எல்லாப் பெண்களும் சொல்லிவிடுங்கள். கூட்டம் செல்ல உங்கள் கையெழுத்து அவர்களுக்குத் தேவை. மக்கள்தொகையைப் பொறுத்து இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்று கோரம் உண்டு. தரையில் உட்கார வைக்கப்பட்டவர்களிடம் இருக்கும் பலம் அதுதான். அப்படியும் பேச விடாமல் தடுத்தால், பற்றாளராக வந்திருக்கும் அலுவலரிடம் அந்த இடத்திலேயே எழுதிக் கொடுங்கள். அடுத்த திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் அதன் நகலைக் கொடுங்கள். பிறகு நிறைவேறிய தீர்மானத்தின் நகலை வாங்கி எம்.எல்.ஏ.விடம் கொண்டுபோங்கள். தனியார் மனுவுக்கும் கிராம சபைத் தீர்மானத்துக்கும் என் மேசையில் எவ்வளவோ வித்தியாசம் இருந்தது. தீர்மானத்தை ‘முடிக்கப்பட்டது’ என்று சும்மா மூட முடியாது, காரணம் எழுத வேண்டியிருக்கும்.

எங்கள் தெருவில் எல்லாரும் ஓட்டுக்குப் பணம் வாங்கினார்கள். இப்போது எந்த முகத்தோடு போய்க் குறையைச் சொல்வது? ‘அதான் காசு வாங்கிட்டீங்களே’ என்று கட்சிக்காரர் சொல்லிக் காட்டுகிறார்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அம்மா, முதலில் சட்டம். ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 170-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. பணப் புழக்கத்தால் தேர்தலையே நிறுத்திய வரலாறு நம் மாநிலத்துக்கு உண்டு: 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் ஆர்.கே. நகர், 2019-இல் வேலூர். இதைச் சொல்ல எனக்கு வேதனையாக இருக்கிறது.

ஆனாலும் அந்தக் கட்சிக்காரர் சொன்னதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. பணம் கொடுத்ததால் தன் கடமையிலிருந்து விலகிக்கொள்ள எந்தப் பிரதிநிதிக்கும் சட்டத்தில் இடமில்லை. அவர் சம்பளமும் தொகுதி நிதியும் நீங்கள் சோப்பு வாங்கும்போதும் கட்டுகிற வரியிலிருந்து வருகிறது. தலை நிமிர்ந்து போங்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்வதற்கு நல்லொழுக்கச் சான்றிதழ் தேவையில்லை. அடுத்த தேர்தலில் கவரோடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். நாலு வீடு சேர்ந்து முடிவெடுத்தால் அது நீங்கள் நினைப்பதைவிட எளிது. அப்படித் திருப்பி அனுப்பிய தெருக்களை எனக்குத் தெரியும். அங்கே ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் கொஞ்ச நேரம் நின்று பேசிவிட்டுத்தான் போகிறார்கள்.

எம்.எல்.ஏ. அலுவலகம் போனால் அவரைப் பார்க்கவே முடிவதில்லை. உதவியாளரிடம் கொடுத்துவிட்டு வரலாமா?
— வாசகர், ஆவடி

தாராளமாக. கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் அவர்தான். அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், மரியாதையாகப் பேசுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். இரண்டு வாரம் கழித்து அந்த நகலோடு அவரிடமே திரும்பப் போங்கள்.

எனக்கு 16 வயது. ஓட்டு இல்லை. எங்கள் பள்ளிக்கூட நேரத்துக்கு வரும் பேருந்து ஒரு மாதமாக வரவில்லை. நான் எம்.எல்.ஏ.வுக்கு எழுதலாமா?
— பதினோராம் வகுப்பு மாணவி, சிவகங்கை மாவட்டம்

எழுதலாம் கண்ணு, கட்டாயம் எழுது. மனு கொடுக்க வயது வரம்பு எதுவும் இல்லை. ஓட்டுரிமை வயதே 21-ஆக இருந்து, 1988-இல் வந்த 61-ஆவது திருத்தத்தால்தான் 18 ஆனது. உனக்கு இன்னும் இரண்டு வருஷம். உன் அப்பா அம்மாவுக்கு இப்போதே ஓட்டு இருக்கிறது, அது எம்.எல்.ஏ.வுக்குத் தெரியும்.

கடிதத்தை அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கிளை மேலாளருக்கு எழுது. ‘நகல்: சட்டமன்ற உறுப்பினர்’ என்று கீழே போட்டு அவருக்கும் அனுப்பு. பேருந்தை ஓட்டுவது கிளை, ஏன் நிறுத்தினாய் என்று கேட்கக்கூடியவர் எம்.எல்.ஏ. அழகான வார்த்தையெல்லாம் தேட வேண்டாம். எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறுவீர்கள், எத்தனை பேரிடம் இலவசப் பயண அட்டை இருக்கிறது, வண்டி இல்லாததால் எத்தனை கிலோமீட்டர் நடக்கிறீர்கள், முதல் பாடவேளை எத்தனை நாள் போயிற்று என்று ஒரு வாரம் குறித்து வைத்து எழுது. தலைமையாசிரியரிடம் காட்டி, அவர் சம்மதித்தால் பள்ளி முத்திரையோடு அவரும் ஒரு கடிதம் வைக்கட்டும். கூடப் படிக்கிற பிள்ளைகளின் வீட்டிலிருந்து இரண்டு மூன்று பெற்றோர் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால் இன்னும் நல்லது. பேருந்தின் தடம் எண்ணும் அது வழக்கமாக வந்த நேரமும் கடிதத்தின் முதல் வரியிலேயே இருக்கட்டும்.